அல்கோல் மங்கிய பொங்கல் மாலை

போன மாதம் கல்லூரியிலிருந்து நிவேதா என்ற விரிவுரையாளர் போன் செய்தார். இயற்பியல் துறை மொட்டைமாடியில் புதுத் தொலைநோக்கி வைத்திருக்கிறார்களாம். அதுவே திரும்புமாம், அதுவே பார்க்குமாம், அதுவே படமும் வரைந்து கொடுத்துவிடுமாம். பாதி ஆயுளை அந்த மாடியில் ஏறி இறங்கியே கழித்தவள் என்பதால் நான் வந்து பார்க்க வேண்டும், துறை மலருக்கு ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும் என்றார். இத்தனை மரியாதை எதற்கு என்று எனக்கு உடனே சந்தேகம் தட்டியது. ஓய்வு பெற்ற லேப் உதவியாளரை யாரும் சும்மா கூப்பிட மாட்டார்கள். போய்ப் பார்த்தால், பழைய இரும்பு அலமாரியின் சாவி எங்கே என்று கேட்கவும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சாவி விவகாரம் முடிந்த பிறகு நிவேதா கணினித் திரையில் ஒரு நட்சத்திர ஒளியின் ஏற்ற இறக்கத்தை வரைந்த வளைகோட்டைக் காட்டினார்.

"இதான் மேடம் அல்கோல். முந்தாநாள் சாயங்காலம் எடுத்தது. எம்புட்டு அழகா இறங்கி ஏறுது பாருங்க."

"எந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டீங்க?"

"அத சாஃப்ட்வேரே எடுத்துக்கும் மேடம்."

"அது எடுத்தது சரியான நட்சத்திரந்தானான்னு யாரு பாத்தா?"

அந்தப் பெண் சிரித்தார். வயதானவர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு அது, எனக்குத் தெரியும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கோடு ரொம்பச் சுத்தமாக இருந்தது. சுத்தமான கோட்டைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வராது. அது ஏன் என்று சொல்வதற்கு எங்கள் துறைப் பேராசிரியர் நாச்சிமுத்து சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார் போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

முதலில் அல்கோல். பெர்சியஸ் என்ற கூட்டத்தில் இருக்கும் நட்சத்திரம் அது. தை மாதத்தில் விளக்கு வைத்த பிறகு வடக்கே பார்த்து நின்றால் திண்டுக்கல்லில் நல்ல உயரத்தில் தெரியும். தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண் போதும். அரபுக்காரர்கள் வைத்த பெயர். பேயின் தலை என்று அர்த்தம். பேய் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று நாளுக்கு மூன்று மணி நேரம் குறைவான இடைவெளியில், சொல்லி வைத்தது போல அது மங்கும். ஐந்து மணி நேரம் போல இறங்கி, ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத் தொலைத்துவிட்டு, மறுபடி ஐந்து மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி நிற்கும். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு. கொஞ்சம் சின்னதாக, பளிச்சென்று ஒன்று. பருத்து, மங்கலாக இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று சுற்றும்போது மங்கல் குறுக்கே வந்து வெளிச்சத்தை மறைக்கிறது. மூன்றாவது ஒன்றும் தள்ளி நிற்கிறது, அது நமக்கு இங்கே வேண்டாம்.

இந்த இரண்டிலும் எடை குறைவான மங்கல் நட்சத்திரம்தான் முதலில் வயதாகி ஊதியிருக்கிறது. எடை கூடியதுதான் சீக்கிரம் முதுமை அடைய வேண்டும் என்பது விதி. இதை வகுப்பில் நடத்தும்போது நாச்சிமுத்து சார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுங்க. எடை கம்மியானதுக்கு எப்படிங்க முந்தி வயசாகும்? அதோட சொத்து பக்கத்துக்காரனுக்குப் போயிருக்குதுங்க. பாகப்பிரிவினையில தில்லுமுல்லு ஆகாசத்துலயும் நடக்குதுங்க."

விஷயம் அதுதான். ஒன்றிலிருந்து பொருள் மற்றதற்கு வழிந்து போயிருக்கிறது. ஆனால் சார் சொன்ன பிறகு அந்த நட்சத்திரத்தை ஒரு திருடனைப் பார்ப்பது போலத்தான் எங்களால் பார்க்க முடிந்தது.

சார் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எங்களைப் போன்ற கடைநிலைப் பணியாளரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பேச்சு முழுக்க மரியாதை, மனசு முழுக்கச் சந்தேகம். டீ வந்தால் குடிக்க மாட்டார். "ஏனுங்க, இது இப்பப் போட்டதுங்களா, காலையில போட்டுச் சூடு பண்ணுனதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். எங்கள் ஊருக்கு வந்த புதிதில் துறை அறைக்குப் பூட்டு வாங்கப் போனார். திண்டுக்கல் பூட்டுக்குச் சான்று வேண்டுமா? அவருக்கு வேண்டும். கடையில் இருந்த மற்றப் பூட்டுகளின் சாவியை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தார். கடைக்காரர் கடைசியில், சார், நீங்க திருடனா வாத்தியாரா என்று கேட்டுவிட்டார்.

நான் சகாயமேரி. பி.எஸ்சி. முடித்து, தட்டச்சும் முடித்து, அந்தத் துறையில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை துடைத்தேன், ஊசல் கட்டினேன், மாணவர்கள் உடைத்ததற்குப் பதில் சொன்னேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு என்னைப் போலவே உதவியாளனாகச் சேர்ந்தான் பால்பாண்டி. சிறுமலையில் ஒரு ஊர். மலை வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவன், பார்வை கூர்மை. எப்போதும் சிரித்த முகம். என்னைவிட இளையவன், மேரியக்கா என்பான். சிரித்த முகத்தின் மேல் எனக்குப் பொதுவாக நம்பிக்கை கிடையாது.

அல்கோல் வேலைக்கு எங்கள் இருவரையும் சார் எடுத்துக்கொண்டார். அது மிகக் குறைவான ஒளிக்கு வரும் நேரத்தைக் கண்ணால் பார்த்துக் கணிக்க வேண்டும். மூன்று நாளுக்கொரு தடவை மங்கினாலும், பகலிலும் விடியலிலும் மங்குவது நமக்குப் பயன்படாது. நமக்குத் தோதாக முன்மாலையில் வருவது இருபது நாளுக்கு ஒன்றுதான். அந்த நாளில் மேகம் இருந்தால் அதுவும் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் சிறுமலையிலிருந்து கிளம்பும் மேகம் சரியாக எங்கள் மாடிக்கு மேலே வந்து உட்காருவதைப் பார்த்தால், அதற்கும் யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்றே தோன்றும்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருக்கும். அல்கோலைத் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் மாறாத ஒளியுள்ள இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்று அல்கோலைவிடப் பிரகாசமானது, ஒன்று மங்கலானது. இந்த இரண்டுக்கும் நடுவே அல்கோல் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கணிக்க வேண்டும். அல்கோலுக்கு மிக அருகிலேயே சிவப்பாக ஒன்று உண்டு. கைக்கு எட்டுகிற மாதிரி, வா வா என்று கூப்பிடும். அதனோடு ஒப்பிடவே கூடாது. அதுவும் ஒளி மாறுகிற ஜாதி. போதாததற்கு, சிவப்பை முறைத்துப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு அது ஒளி கூடிக்கொண்டே போவது போலத் தெரியும். சிவப்பு நட்சத்திரத்தை ஒரு பார்வைதான் பார்க்க வேண்டும், எடுத்துவிட வேண்டும் என்பார் சார்.

மாடியில் நானும் பால்பாண்டியும் இரண்டு மூலையில் நிற்போம். நடுவே கீற்றுத் தட்டி. ஒருவர் கணிப்பு மற்றவர் காதில் விழக்கூடாது. கால்மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவராகப் போய்ச் சாரின் காதோரம் குனிந்து எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் நேரத்தோடு குறித்துக்கொள்வார். நான் கோயிலில் பாதிரியார் காதில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவள், எனக்கு அது ஒன்றும் புதிதல்ல. சார் கேட்கும் கேள்விதான் புதிது.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

ஒவ்வொரு தடவையும் கேட்பார். பார்த்தேன் சார் என்றால் எழுதுவார். கொஞ்சம் தயங்கினாலும் பேனாவை மூடிவிடுவார். "நெனச்சத எழுதக் கூடாதுங்க. பாத்தத மட்டுந்தான் எழுதோணும்." அவரும் தன் பங்குக்குப் பார்ப்பார். தன் எண்ணை யாரிடமும் சொல்ல மாட்டார்.

கல்யாணமாகாத பெண் இருட்டில் மொட்டைமாடியில் இரண்டு ஆண்களோடு என்ன செய்கிறாள் என்று எங்கள் தெருவில் பேச்சு வந்தது. என் அம்மாவுக்கும் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாடிப்படியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டார். இருட்டில் பச்சையாக ஒளிரும் மணிகள் கோத்த ஜெபமாலை அது. சார் பதறிவிட்டார்.

"அதென்னுங்க, படியில பச்சையா வெளிச்சம் நகருது?"

"மாதா மாலைங்கய்யா. எம்புள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன்."

"நீங்க தாராளமா இருங்க தாயி. மாலைய மட்டும் முந்தானையில மூடிக்கிடுங்க. கண்ணு கெட்டுரும்."

அம்மா முந்தானைக்குள்ளேயே ஜெபம் சொல்லி முடித்தார். இரண்டு மணி நேரம் மூன்று பேர் வானத்தை முறைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கியதைப் பார்த்த பிறகு, வீட்டுக்குப் போகும் வழியில், "இதுக்கா சம்பளம் தாராக?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வரவில்லை.

கிறிஸ்துமஸ் மாதத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் தொங்கும் காகித நட்சத்திர விளக்குகள் இன்னொரு தொல்லை. சார் வீடு வீடாகப் போய், ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், உங்கள் நட்சத்திரத்தைக் கொஞ்ச நேரம் அணையுங்கள் என்று கும்பிட்டுக் கேட்பார். அணைத்தார்களா என்று மாடியிலிருந்து எட்டியும் பார்ப்பார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு மூன்று மாலைகள் நன்றாக வாய்த்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சார் துறைக் கரும்பலகையில் தேதியையும், எத்தனை மணிக்கு ஒளி மிகக் குறையும் என்பதையும் எழுதிப் போடுவார். மூன்றாவது மாலை முடிந்த மறுநாள் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைமேல் வரைபடத் தாள்கள் இருந்தன. பால்பாண்டியின் கோடு எண்ணெய் தடவியது போல வழுவழுப்பாக இறங்கி ஏறியது. என்னுடையது கல்லும் முள்ளுமாக இருந்தது. எனக்கு முகம் வாடிவிட்டது. கண் டாக்டரிடம் போக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பால்பாண்டி, உங்க கோட்டுல மூணு தடவயும் அடிமட்டம் போர்டுல எழுதுன நேரத்துலயே விழுந்திருக்குதுங்க."

"ஆமா சார்." அவன் சிரித்தான்.

"போர்டுல நான் எழுதுனது பொய் நேரமுங்க. மூணு தடவயும் முக்கால் மணி தள்ளி எழுதுனேன்."

அவர் தன் கோடு போட்ட தாளையும் எடுத்து எங்கள் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னுடைய கல்லும் முள்ளும் சேர்ந்து உண்மையான நேரத்தைச் சுற்றியே விழுந்திருந்தன. சாருடைய கோட்டிலும் அதே நேரம்தான். பஸ் ஸ்டாண்டு போர்டில் எழுதிய நேரத்துக்கு எந்த பஸ் வந்து நான் பார்த்தேன்? போர்டில் எழுதுவதை நான் நம்புவதேயில்லை. அந்தக் குணம்தான் என்னைக் காப்பாற்றியது, கூர்மையான கண் அல்ல. ஒரு நிமிடம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த நிமிடம் பால்பாண்டியைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்து போயிருந்தது.

"சார், நான் பாத்ததத்தான் சொன்னேன். சத்தியமாச் சொல்றேன் சார்."

"பாக்காம எழுதுற ஆள வெச்சுக்கிட்டு இந்த வேலையச் செய்ய முடியாதுங்க. நாளைக்கு முதல்வர்கிட்டச் சொல்லிப்போடுறேன்."

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவனுக்கு வேலை போகும். வேலையோடு போகாது. தை பிறந்தால் சின்னாளபட்டியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கல்லூரியில் வேலை பார்க்கிறார் என்பதற்காகத்தான் மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்குப் பெண் தரச் சம்மதித்திருந்தார்கள். பொய் எழுதி விரட்டப்பட்டவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போய்விடும்.

நான் அவனைச் சந்தேகப்பட்டவள்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தூங்குகிறானோ என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்திருக்கிறேன். தூங்கவில்லை. கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்வதற்கு நான் வாயைத் திறக்கும் முன்னால் பால்பாண்டி பேசினான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"நீங்களுந்தான் சார் பாக்குறீங்க. நெசமான நேரம் உங்களுக்கு முந்தியே தெரியும். நீங்க மட்டும் நெனச்சுப் பாக்கலன்னு யாரு சொன்னா?"

வேறு யாராக இருந்தாலும் வெளியே போ என்றிருப்பார்கள். சார் மேசையில் இருந்த தன் வரைபடத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். தன்னையும் சந்தேகப்படலாம் என்று அவருக்கு அதுவரை தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தோன்றாமல் போனதில் அவருக்கு வெட்கம் வந்தது போலவும் இருந்தது.

"நியாயந்தானுங்க. அப்ப என்னையும் பாத்துப்போடுவோம்."

ஏற்பாட்டை அவரே சொன்னார். அடுத்த முன்மாலை மங்கல் பொங்கலன்று வருகிறது. அன்றைக்கு மாடிச் சுவர்க் கடிகாரத்தை நான் மாற்றி வைக்க வேண்டும். எவ்வளவு, முன்னாலா பின்னாலா என்று யாரிடமும் சொல்லக்கூடாது. சார் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கணிப்புகளை எழுதுவார். பால்பாண்டிக்கு நேரமே சொல்வதில்லை, போர்டிலும் எழுதுவதில்லை. அவன் எண்ணை என் காதில் சொல்ல வேண்டும், நான் சரியான நேரத்தோடு குறித்துக்கொள்வேன். சாருடைய கோடு கடிகாரத்தின் பின்னால் போனால், கண் மனசின் பின்னால் போகும் என்று அர்த்தம். அப்படியானால் பால்பாண்டி பொய்யன் அல்ல. சாருடைய கோடு நட்சத்திரத்தின் பின்னாலேயே போனால், பொங்கல் கழித்து முதல்வரிடம் பேச வேண்டியதுதான். சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

பால்பாண்டி அன்றைக்கு மாடிப்படியில் என்னை மறித்தான்.

"மேரியக்கா, நீங்க மனசு வெச்சா."

"ஏலே, பேசாமப் போ. ஒரு வார்த்தை பேசினாலும் சார்கிட்டச் சொல்லிருவேன்."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். அவன் கேட்க வந்ததைக் கேட்கவிடாமல் தடுத்தது நல்லதுக்குத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு ஊரில் மணி தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை. எட்டு மணிக்கு நூல் மில் சங்கு ஊதும். பொங்கலுக்கு மில் விடுமுறை என்பதால் அது ஒழிந்தது. காவலாளி வீட்டு ரேடியோவில் செய்தி வந்தால் மணி தெரிந்துவிடும். நான் மத்தியானமே ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு போய், ராத்திரி ஒன்பது வரைக்கும் ரேடியோ வேண்டாம், மேலே நுட்பமான கருவி ஓடுகிறது, கரகரக்கும் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் மாற்றினால் இருட்டே காட்டிக்கொடுத்துவிடும். அரைமணி பின்னால் தள்ளி வைத்தேன்.

வானம் பாக்கியிருந்தது. சார் வானத்தைப் பார்த்தே மணி சொல்லிவிடுவார், ஐந்து நிமிடம் முன்பின் இருக்கும். மிருகசீரிடம் ஏறியிருக்கும் உயரத்தைக் காட்டி, மணி ஏழேகாலுங்க என்று பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் அவர் நாற்காலிக்குக் கிழக்கிலும் தெற்கிலும் கீற்றுத் தட்டி கட்டினேன். வடக்கு மட்டும் திறந்திருந்தது. எதையும் விட்டுவிடவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மாலை மேகம் இல்லை. எங்கோ ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, கரும்புச் சக்கை எரியும் வாசனை. பால்பாண்டி கால்மணிக்கு ஒரு தரம் என் அழைப்புக்கு வந்து காதில் எண்ணைச் சொன்னான். ஒருமுறை எண்ணைச் சொல்லிவிட்டு, "இருங்கக்கா, இன்னொருக்காப் பாத்துட்டு வாரேன்" என்று போய், பார்த்துவிட்டு வந்து வேறு எண்ணைச் சொன்னான். அவன் அப்படித் திரும்பிப் போய்ப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தட்டிக்குள் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிவப்பு வெளிச்சம் எரிவதும் அணைவதும் மட்டும் தெரிந்தது.

முடிந்ததும் மூவரும் அறைக்கு வந்தோம். கோடுகளை வரையச் சாருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பால்பாண்டியின் கோடு இந்த முறை வழுவழுப்பாக இல்லை. ஆனால் அடிமட்டம் சார் முன்பே கணக்கிட்டு வைத்திருந்த உண்மையான நேரத்தில், எட்டு மணியை ஒட்டியே விழுந்திருந்தது. சாருடைய கோடும் அடிமட்டத்தைத் தொட்டது எட்டு மணிக்குத்தான். சுவர்க் கடிகாரத்தின் எட்டு மணி.

"எவ்வளவுங்க மாத்துனீங்க?"

"அரைமணி சார். பின்னாடி வெச்சேன்."

அப்படியென்றால் நட்சத்திரம் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கி அரைமணி வரைக்கும், அது இன்னும் இறங்குகிறது என்று சார் எழுதியிருக்கிறார். நான் நம்பிக்கைக்காக அவருடைய கைக்கடிகாரத்தை நீட்டினேன், மேலே போய்ச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவர் வாங்கினார். பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்டுக்கடையில் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்த மனிதர்.

பிறகு பால்பாண்டியைப் பார்த்து, "நாளான்னிக்கு வெடியால வந்துருங்க. தொலைநோக்கிக்குக் கிரீஸ் வெக்கோணும்" என்றார். அவ்வளவுதான். பால்பாண்டி வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். நான் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றிலிருந்து எங்கள் துறையில் நேரத்தைப் போர்டில் எழுதுவது நின்றது. பார்ப்பவருக்கு நேரம் தெரியாது, குறிப்பவர் வானத்தைப் பார்க்கக்கூடாது. பால்பாண்டிக்குக் கல்யாணம் நடந்தது. பிறகு நிரந்தரமாகி, எனக்கு இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றான். அவன் கோடுகள் அதன் பிறகு ஒருநாளும் வழுவழுப்பாக இருந்ததில்லை. எங்கள் இருவரில் அவன்தான் நல்ல கண்ணுள்ளவன். இதைச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதை. பல வருடம் கழித்து, சார் ஓய்வு பெற்றுப் போன பிறகு, ஒரு தை மாதம் மாடியில் பெயிண்ட் வேலைக்காகப் படுதா கட்டியிருந்தார்கள். கிழக்கும் தெற்கும் மறைந்து வடக்கு மட்டும் திறந்திருந்தது. தற்செயலாகச் சாருடைய நாற்காலி இருந்த இடத்தில் நான் நின்றேன். கையில் கடிகாரம் இல்லை. வடமேற்கில் காசியோப்பியா சாய்ந்துகொண்டிருந்தது. அதன் சாய்வைப் பார்த்ததும், மணி ஏழே முக்கால் என்று என் வாய் தானாகச் சொன்னது. கீழே போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழே முக்கால் தாண்டி நாலைந்து நிமிடம்.

எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்றைக்குப் பிடித்தது இந்தச் சந்தேகம். கடிகாரம் அரைமணி பின்னால் இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கும். நட்சத்திரம் ஏறுவதும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே, இறங்குகிறது இறங்குகிறது என்று எழுதினாரா? பால்பாண்டி பொய்யன் அல்ல என்று அவருக்கு அன்று அறையிலேயே புரிந்துவிட்டதா? புரிந்த பிறகும், அதை நிரூபிக்கும் கோட்டைத் தன் கண்ணே கொடுக்குமோ கொடுக்காதோ என்று பயந்து, கையால் கொடுத்துவிட்டாரா? வாழ்நாளெல்லாம் நினைத்ததை எழுதாத மனிதர் ஒரே ஒரு மாலை பார்க்காததை எழுதினாரா? கைக்கடிகாரத்தை அவர் பார்க்காமல் பையில் போட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி தெரியாதவன்தானே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். மனசு ஒரே வேலையில் ஆழ்ந்திருக்கும்போது வானம் கண்ணில் படாமல் போவது உண்டு. அவர் நேர்மையாகவே ஏமாந்திருக்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தூக்கம் வராத இரவுகள் இருந்திருக்கின்றன.

போன வருடம் கண் ஆபரேஷன் முடிந்து அவர் ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பழனி பஸ் ஏறிப் போனேன். பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் முகம் சின்னதாகியிருந்தது. ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன். "மெழுகு தடவுனதுங்களா?" என்று தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மகள் காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்து நான் கேட்டுவிட்டேன்.

"சார், அன்னைக்குப் பொங்கலுக்கு மாடியில, கடிகாரம் பின்னாடி இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படி எழுதினீங்க. பால்பாண்டிக்காக எழுதினீங்க."

அவர் என் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமில்லை.

"ஏனுங்க மேரி, பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேன் சார்."

"அப்ப அத எழுதக் கூடாதுங்க."

மகள் காப்பியோடு வந்தார். சார் டம்ளரை வாங்கினார். இப்போது போட்டதா என்று கேட்கவில்லை, குடித்தார்.

அவர் சொன்ன சொல்லை நான் ஒரு நாளும் மீறியதில்லை. பார்க்காததை எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை.